ஈறு நோயும் சரீர சுகமும்



"வயதானால் பல் விழத்தானே செய்யும்?" நம் ஊர்த் திண்ணைகளில் அடிக்கடி கேட்கிற வார்த்தை இது. நரை, திரை, பல் விழுதல் என்று மூன்றையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசிப் பழகிவிட்டோம். நரையும் திரையும் வயதின் அடையாளங்கள் என்பது மெய். பல் விழுதல் அப்படிப்பட்டதல்ல. அது ஒரு வியாதியின் முடிவு. அந்த வியாதிக்குப் பெயர் உண்டு, காரணம் உண்டு, தடுக்கும் வழியும் உண்டு. நம் பெரியவர்கள் அதைப் பயோரியா என்றார்கள். இன்றைய வைத்தியர்கள் ஈறு நோய் என்கிறார்கள்.

இந்த நோய் ஏன் கவனிக்கப்படாமல் போகிறது? அது வலிப்பதில்லை. காய்ச்சல் வந்தால் படுக்கிறோம், கால் வீங்கினால் டாக்டரிடம் ஓடுகிறோம். ஈற்றில் ரத்தம் கசிந்தால் மட்டும் கொப்பளித்துத் துப்பிவிட்டு வேலைக்குப் போகிறோம். கை விரலில் தினந்தோறும் காரணமில்லாமல் ரத்தம் வந்தால் அப்படிச் சும்மா இருப்போமா? ஆகையால் இந்த வாரம் இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகப் படிப்போம்.

பல்லின் அஸ்திவாரம்

நம் பக்கத்துப் பெரிய வீடுகளின் முகப்பிலும் வளவிலும் நிற்கிற தேக்குத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். தூண் எவ்வளவு உறுதியானதாயிருந்தாலும் அதைத் தாங்குகிற கல்லும் தரையும் கரைந்துபோனால் அது சாயும். பல்லும் அவ்விதமே. நமக்குக் கண்ணில் படுவது பல்லின் மேற்பாகம் மாத்திரம். அதன் வேர் தாடை எலும்புக்குள் இறங்கியிருக்கிறது. வேரையும் எலும்பையும் ஆயிரக்கணக்கான நுண்ணிய நார்கள் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. இவற்றின்மேல் கழுத்துப் பட்டை போலச் சுற்றி மூடியிருப்பதே ஈறு. ஈற்றுக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு சிறு பள்ளம் உண்டு. சுகமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர்.

ஆகவே பல்லுக்கு நேரும் கேடு இரண்டு வகை. ஒன்று, தூணையே அரிக்கிற சொத்தை. இனிப்பைத் தின்று வளரும் கிருமிகள் உண்டாக்கும் அமிலம் பல்லைக் கரைப்பதால் அது வருகிறது. அதிரசமும் மாவுருண்டையும் கருப்பட்டிப் பணியாரமும் மலிந்த நம் சீமையில் அதற்குக் குறைவில்லை. மற்றொன்று, தூண் நன்றாயிருக்க அஸ்திவாரத்தைக் கரைக்கிற ஈறு நோய். சொத்தை இல்லாத வெள்ளைவெளேரென்ற பல்லும் இதனால் ஆடி விழும். இந்த வித்தியாசத்தை முதலில் மனதில் வைக்க வேண்டும்.

படலமும் காரையும்

1683-ம் ஆண்டில், ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரத்தில் ஜவுளி வியாபாரம் செய்துவந்த அந்தோனி வான் லேவன்ஹூக் என்பவர், தாம் செய்த பூதக்கண்ணாடியில் தம் பல்லிடுக்கிலிருந்து எடுத்த வெள்ளை மாவு போன்ற பொருளை வைத்துப் பார்த்தார். அதில் சின்னஞ்சிறு ஜீவன்கள் துள்ளி ஓடுவதைக் கண்டு, லண்டன் ராயல் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். வாயிலுள்ள கிருமிகளை மனிதர் கண்ணால் கண்டது அப்போதுதான்.

அந்த மாவு போன்ற பொருளே பற்படலம். பல் துலக்கிய சில மணி நேரத்திலேயே அது மறுபடி படியத் தொடங்குகிறது. தண்ணீரால் கொப்பளித்தால் போகாது, தேய்த்தால்தான் போகும். தேய்க்காமல் விட்ட இடத்தில் எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதனோடு சேர்ந்து, சில நாட்களில் கல்லாக இறுகுகிறது. அதுதான் பற்காரை. நம் வீட்டுத் தண்ணீர்க் குடத்தின் அடியில் உப்புப் படிந்து இறுகுவதைப் போன்றது. காரை ஏறியபின் அதை எந்தப் பல்பொடியும் எடுக்காது. பல் வைத்தியரின் கருவிதான் எடுக்க வேண்டும்.

படலம் ஈற்றோரத்தில் தங்கினால் என்ன ஆகும் என்பதை 1965-ல் ஹரால்ட் லோ என்ற நார்வே தேசத்து அறிஞரும் அவருடைய தோழர்களும் டென்மார்க்கில் சோதித்துக் காட்டினார்கள். சுகமான ஈறுள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அந்த 12 பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் எல்லோருக்கும் குணமாயிற்று. இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்குகின்றன. காரணம் படலமே என்பது ஒன்று. முதல் படியில் பிடித்தால் முழுக் குணம் உண்டு என்பது மற்றொன்று.

முதல் படியில் பிடிக்காமல் விட்டால், அழற்சி ஈற்றுக்குக் கீழே இறங்குகிறது. பள்ளம் ஆழமாகிப் பையாகிறது. அதற்குள் கிருமிகள் குடியேறுகின்றன. அவற்றை எதிர்க்க நம் சரீரம் நடத்துகிற போராட்டத்தில் நார்கள் அறுகின்றன, எலும்பு கரைகிறது. இப்படிக் கரைந்த எலும்பு தானாக மறுபடி வளர்வதில்லை.

தேயிலைத் தோட்டத்துச் சாட்சி

இந்த நோய் வைத்தியமே இல்லாமல் விடப்பட்டால் ஒரு மனிதனுடைய ஆயுளில் எப்படி நடக்கும்? இதை உலகம் யாரைப் பார்த்து அறிந்தது தெரியுமா? நம் தமிழ் ஜனங்களைப் பார்த்துத்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து ஏழைக் குடும்பங்கள் இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் போனது நாம் அறிந்ததே. இங்கிருந்து செல்வர்கள் கொழும்புக்குக் கொண்டுவிற்கப் போனார்கள். ஏழைகளோ மலையேறிக் காப்பித் தோட்டத்திலும், பின்பு தேயிலைத் தோட்டத்திலும் கூலி வேலை செய்யப் போனார்கள். 1964-ம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் அவர்களில் பல்லாயிரம் பேர் மண்டபம் முகாம் வழியாகத் திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

அப்படி இருந்தவர்களில், இரண்டு தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளரின் வாயை 1970-ல் மேற்சொன்ன ஹரால்ட் லோவின் குழுவினர் பரிசோதித்தார்கள். 1985 வரை திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். இந்தத் தொழிலாளருக்குப் பல் துலக்கும் வழக்கம் இல்லை. பல் வைத்தியம் என்பதையே அவர்கள் கண்டதில்லை. நோயைத் தடுக்கும் எந்த ஏற்பாடும் அவர்களை எட்டியிருக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவில் 565 மாணவர்களையும் படித்தவர்களையும் 1969 முதல் பரிசோதித்தார்கள். அவர்களோ சிறு வயது முதல் தினமும் பல் துலக்கி, ஒழுங்காக வைத்தியரிடம் போய் வந்தவர்கள்.

முடிவு என்ன? 40 வயதை நெருங்கும்போது, நார்வேக்காரர்களின் பல்லைப் பிடித்திருந்த திசு சராசரி ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகக் கழன்றிருந்தது. நம்மவர்களுக்கோ நாலரை மில்லிமீட்டர். அதாவது மூன்று மடங்கு.

1986-ல் வெளியான அறிக்கை மேலும் ஒரு காரியத்தைக் காட்டிற்று. அந்தத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் படலமும் காரையும் ஈற்று அழற்சியும் இருந்தன. ஆனால் எல்லோருக்கும் ஒரே கதி நேரவில்லை. 100-க்கு ஏறக்குறைய 8 பேருக்கு நோய் மிக வேகமாக ஓடியது. 81 பேருக்கு மத்திமமாக நடந்தது. 11 பேருக்கு ஈற்று அழற்சியோடு நின்று, உள்ளே இறங்கவேயில்லை. வேகமாக ஓடியவர்களுக்கு 35 வயதில் 9 மில்லிமீட்டரும், 45 வயதில் 13 மில்லிமீட்டரும் கழன்றிருந்தது. ஒரு பல்லின் வேர் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான்! அவர்களுக்குச் சொத்தை அநேகமாக இல்லை. விழுந்த பற்களெல்லாம் ஈறு நோயினால் விழுந்தவையே.

2010-ல் அவர்களில் 75 பேரைத் தேடிப் பிடித்து மறுபடியும் சோதித்தார்கள். நாற்பது ஆண்டில் ஒரு பல்லையும் இழக்காதவரும் இருந்தார், எல்லாவற்றையும் இழந்தவரும் இருந்தார். ஈற்று அழற்சியை அடக்குவதும், காரையை எடுப்பதும், படலத்தைத் தினமும் நீக்குவதும் பல் நிலைக்க அவசியம் என்று அந்த அறிக்கை முடிந்தது.

உலகத்துப் பல் மருத்துவக் கல்லூரிகளில் படிக்கிறவர்கள் இந்த ஆராய்ச்சியை இன்றும் படிக்கிறார்கள். கையில் கொழுந்துக் கூடையும் முதுகில் மழையும் தவிர வேறொன்றும் காணாத நம் உறவின் முறையார், தங்கள் வாயால் உலகத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு ஒரு தூரிகையும் அதைப் பிடிக்கக் கற்பிக்கும் ஒருவரும் காலத்தில் கிடைத்திருந்தால், எத்தனை பேர் முதுமையில் சோற்றை மென்று தின்றிருப்பார்கள்! அந்தக் கடனை அவர்களுக்கு நேரே தீர்க்க நம்மால் இயலாது. அவர்கள் பட்ட நஷ்டத்தால் தெரியவந்ததை நம் வீடுகளில் நடைமுறைக்குக் கொண்டுவருவதே நாம் செய்யத்தக்க மரியாதை.

அதிலிருந்து மூன்று பாடங்கள்

முதலாவது, பல் விழுவது வயதினால் அல்ல. ஒரே வயதுள்ள, ஒரே சோறு தின்ற, ஒரே வேலை செய்த மனிதர்களுக்குள் ஒருவனுக்கு எல்லாப் பல்லும் இருந்தது, மற்றவனுக்கு ஒன்றும் இல்லை.

இரண்டாவது, "என் தாத்தா பல்லே துலக்கவில்லை, தொண்ணூறு வயதில் முறுக்குக் கடித்தார்" என்று சொல்பவருக்கு இதிலே பதில் இருக்கிறது. அந்தத் தாத்தா 100-ல் 11 பேரைச் சேர்ந்தவர். பேரனும் அந்தப் பதினோரு பேரில் ஒருவன் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? 8 பேரில் ஒருவனாகவும் இருக்கலாம். முன்கூட்டி அறிய வழியில்லாதபோது, எல்லோரும் ஜாக்கிரதையாயிருப்பதே புத்தி.

மூன்றாவது, நோய் இருபது வயதுக்காரரிடத்திலும் தொடங்கிவிடுகிறது. அறுபதில் விழும் பல்லுக்கு இருபத்தைந்திலேயே குழி வெட்டப்படுகிறது. ஆகையால் இந்தப் பாடம் தாத்தா பாட்டிக்கு மாத்திரமல்ல, கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் உரியது.

அடையாளங்கள்

துலக்கும்போதோ கொய்யாப்பழம் கடிக்கும்போதோ ரத்தம் வருதல், ஈறு இளஞ்சிவப்பு மாறிச் செக்கச் சிவந்து வீங்குதல், நீங்காத வாய் நாற்றம், ஈறு கீழிறங்கிப் பல் நீண்டாற்போலத் தோன்றுதல், பல்லுக்கும் ஈற்றுக்கும் நடுவில் சீழ், பல் ஆடுதல், முன்பு நெருங்கியிருந்த பற்கள் விலகுதல்.

கடைசியில் சொன்னதைப்பற்றி ஒரு வார்த்தை. முன்பல்லில் சந்து இருந்தால் அதிர்ஷ்டம் என்று நம்மில் சிலர் சொல்வார்கள். பிறவியிலேயே இருக்கிற சந்தைப்பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் முப்பது வயதில் புதிதாகச் சந்து விழுந்தால் அது அதிர்ஷ்டமல்ல, அஸ்திவாரம் கரைகிறது என்ற அறிவிப்பு.

பீடி, சிகரெட், புகையிலை பழக்கமுள்ளவர்களுக்கு மற்றொரு அபாயம் உண்டு. புகையிலையால் ஈற்றில் ரத்தக் கசிவு குறைந்து காணப்படும். "எனக்கு ரத்தமே வரவில்லையே" என்று அவர்கள் நினைத்திருக்க, உள்ளே எலும்பு மற்றவர்களைவிட வேகமாகக் கரைந்துகொண்டிருக்கும்.

வாயும் மற்ற சரீரமும்

வாயைச் சரீரத்திலிருந்து தனியே பிரிக்க முடியாது. ஈற்றுப் பைகளில் நாள்தோறும் ஓய்வில்லாமல் எரியும் அழற்சி, ரத்த ஓட்டத்தின் வழியாக மற்ற அவயவங்களையும் தொடுகிறது. ஆனால் இந்த விஷயத்தில் அளவறிந்து பேச வேண்டும். 1910-ல் வில்லியம் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் வைத்தியர் கனடாவின் மான்ட்ரியல் நகரில் செய்த பிரசங்கத்தில், வாயிலுள்ள சீழே பல நோய்களுக்குக் காரணம் என்று முழங்கினார். அதன் விளைவாக மூட்டு வலிக்கும் வயிற்று வலிக்குமெல்லாம் பல்லைப் பிடுங்கும் வழக்கம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரவிற்று. கணக்கற்ற பேர் பல்லை இழந்தார்கள், வியாதியோ தீரவில்லை. ஆகையால் நிச்சயமானதையும், இன்னும் நிச்சயமாகாததையும் பிரித்துச் சொல்கிறேன்.

சர்க்கரை வியாதி: இதன் உறவு உறுதிப்பட்டது, அதுவும் இரண்டு பக்கமும் ஓடுகிற உறவு. சர்க்கரை கட்டுப்படாதவருக்கு ஈறு நோய் அதிகமாகவும் கடுமையாகவும் வருகிறது. ஈறு நோய் முற்றியவருக்குச் சர்க்கரை கட்டுப்படுவது கடினமாகிறது. முன்சொன்ன ஹரால்ட் லோவே 1993-ல் ஈறு நோயைச் சர்க்கரை வியாதியின் ஆறாவது பின்விளைவு என்று எழுதினார். ஈற்றைச் சுத்தம் செய்து சிகிச்சை கொடுத்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஏறக்குறைய 0.4 சதவீதப் புள்ளி குறைகிறது என்று பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் 2022-ல் கண்டார்கள். அது சிறிதல்ல. இந்தியாவில் சர்க்கரை வியாதிக்காரர் 10 கோடிக்கு மேல் என்று 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு காட்டிற்று. நம் தெருவில் எண்ணிப் பார்த்தாலே அது தெரியும். கால் பாதத்தையும் கண்ணையும் காட்டுகிற நீங்கள், வாயையும் திறந்து காட்டுங்கள்.

இருதயம்: ஈறு நோயுள்ளவர்களிடம் மாரடைப்பு அதிகம் காணப்படுகிறது என்பது மெய். ஆனால் ஈற்றுக்குச் சிகிச்சை செய்தால் மாரடைப்பு தடுக்கப்படும் என்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்க இருதயச் சங்கம் 2012-ல் கூறிற்று. இரண்டுக்கும் புகையிலையும் சர்க்கரையும் பொதுக் காரணங்களாயிருக்கின்றன. ஆயினும் செயற்கை வால்வு வைத்தவர்களும், முன்பு இருதய உட்சுவரில் கிருமித் தொற்று கண்டவர்களும் பல் வைத்தியரிடம் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். பல் பிடுங்கும்போது ரத்தத்தில் கலக்கும் கிருமி அவர்களுக்கு உயிராபத்தாகலாம். அதைத் தடுக்க முன்னதாக மருந்து கொடுப்பார்கள்.

கர்ப்பவதிகள்: அந்த மாதங்களில் ஈறு எளிதில் வீங்கி ரத்தம் கசியும். ஈறு நோயுள்ள தாய்மாருக்குக் குறைமாதப் பிரசவம் சற்று அதிகம் காணப்பட்டது. ஆனால் கர்ப்ப காலத்தில் ஈற்றுக்குச் சிகிச்சை செய்ததால் குறைமாதப் பிரசவம் குறையவில்லை என்று 2006-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய சோதனை காட்டிற்று. அதே சோதனை, அந்தச் சிகிச்சையால் தாய்க்கும் பிள்ளைக்கும் தீங்கில்லை என்றும் காட்டிற்று. ஆகவே "மாசமாயிருக்கிறாள், பல்லைத் தொடக்கூடாது" என்று பெரியவர்கள் தடுப்பது சரியல்ல.

முதியோர்: இதுதான் நம் ஊருக்கு மிகவும் வேண்டிய செய்தி. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலுமிருக்க, பெரிய வீட்டில் படுக்கையோடு கிடக்கிற பெரியவர்கள் இங்கே அநேகர். வியாதிக்காரருக்கு நற்கருணை கொண்டு போகையில் அவர்களின் உலர்ந்த நாக்கையும், நாள் கணக்கில் கழுவாத பல்செட்டையும் காணாத குருக்கள் இல்லை. முகம் துடைத்து, தலை சீவி, புதுத் துணி உடுத்தி வைப்பார்கள், வாயை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. வாயிலுள்ள கிருமி எச்சிலோடு மூச்சுக் குழலில் இறங்கினால் நிமோனியா காய்ச்சல் வரும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டு செய்த சோதனையின் முடிவு 1999-ல் வெளியாயிற்று. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பின் பிறர் பல் துலக்கிவிட்ட முதியவர்களில் 100-க்கு 11 பேருக்கு நிமோனியா வந்தது. அப்படிச் செய்யப்படாதவர்களில் 19 பேருக்கு வந்தது. ஒரு தூரிகையும் ஐந்து நிமிஷப் பொறுமையும் செய்த காரியம் இது.

வெற்றிலைத் தட்டு

விருந்தினர் வந்தால் தட்டில் வெற்றிலை வைப்பது நம் சீமையின் மரியாதை. தட்டை நீட்டுவது வேறு, நாள் முழுவதும் வாயில் அடக்கிக்கொண்டிருப்பது வேறு. சுண்ணாம்பும் பாக்குத் துணுக்கும் ஈற்றோரத்தில் தங்கிக் காரை ஏற இடம் கொடுக்கின்றன. அதிலும் பெரிய ஆபத்து புற்றுநோய். புகையிலை சேர்த்த தாம்பூலம் மாத்திரமல்ல, பாக்கு தானே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-ல் அறிவித்தது. வாய் திறக்க முடியாமல் இறுகுதல், வெள்ளைத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண் ஆகிய இவற்றில் எது கண்டாலும் தாமதியாமல் காட்டுங்கள்.

காக்கும் வழி

1. நாளுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிஷம் துலக்குங்கள். இரவில் படுக்குமுன் துலக்குவதே முக்கியம். தூக்கத்தில் எச்சில் குறைவதால் கிருமிக்குக் கொண்டாட்டம். நம்மில் பெரும்பாலோர் காலையில் மாத்திரம் துலக்குகிறோம்.

2. மிருதுவான தூரிகையைப் பிடித்து, பல்லும் ஈறும் சேருமிடத்தில் சாய்வாக வைத்து, சிறிது சிறிதாக அசைத்துத் தேயுங்கள். பாத்திரம் விளக்குவதுபோல் அழுத்தி இழுத்தால் ஈறு தேயும். பல்லின் உட்புறத்தை, விசேஷமாகக் கீழ் முன்பல்லின் பின்புறத்தை மறக்க வேண்டாம். காரை அதிகம் ஏறுவது அங்கேதான்.

3. செங்கல் பொடி, கரி, சாம்பல், மணல் வேண்டாம். இவை பல்லை அராவும். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் நம் முன்னோர் கண்ட நல்ல வழிகள். நுனியை நன்றாக மென்று தூரிகையாக்கி நிதானமாகத் தேய்த்தால் படலம் போகும். ஆனால் பின்பல்லுக்கும் உட்புறத்துக்கும் குச்சி எட்டுவது கடினம். சில இடங்களில் பல் தேய்க்க விற்கும் புகையிலைப் பொடியைத் தொடவே கூடாது. பற்பசையிலும் பல்பொடியிலும் புகையிலை சேர்ப்பது 1992 முதல் நம் தேசத்தில் தடை.

4. தூரிகை பல்லிடுக்கில் நுழையாது. மெழுகு நூலோ, இடுக்குக்கான சிறு தூரிகையோ கொண்டு தினம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். ஊக்கும் ஹேர்பின்னும் கொண்டு குத்த வேண்டாம்.

5. ரத்தம் வருகிறதென்று துலக்குவதை நிறுத்தாதீர்கள். வருகிற இடத்தை மேலும் கவனமாகத் துலக்குங்கள். இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் வைத்தியரிடம் போங்கள்.

6. பல்செட்டைச் சாப்பிட்டபின் கழுவி, இரவில் கழற்றித் தண்ணீரில் வையுங்கள்.

7. வலிப்பு நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் தரப்படும் சில மாத்திரைகளால் ஈறு தடிப்பதுண்டு. மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

8. வருஷத்துக்கு ஒரு முறையாவது பல் வைத்தியரிடம் காட்டுங்கள். ஒரு காலத்தில் இதற்கு வெகு தூரம் போக வேண்டியிருந்தது. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியதே 1953-ல்தான். செட்டிநாட்டு அரச குடும்பம் ஸ்தாபித்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1980-ல் பல் மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. 2023-ல் நமக்கு அடுத்த புதுக்கோட்டையிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் திறக்கப்பட்டன. காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் வீடு திரும்பலாம். செலவுக்குப் பயந்து பல்லை இழக்க வேண்டியதில்லை.

வினா விடை

வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பதற்காகச் சில வினா விடைகள்:

வினா: பல் விழக் காரணம் வயதா?
விடை: அல்ல. பெரும்பாலும் சொத்தையும் ஈறு நோயுமே காரணம்.

வினா: ஈறு நோய் எதனால் தொடங்குகிறது?
விடை: ஈற்றோரத்தில் நீக்கப்படாமல் தங்கும் பற்படலத்தால்.

வினா: காரையை எடுத்தால் பல் ஆடிப்போகுமா?
விடை: ஆடாது. காரை வெகுநாள் அடைத்திருந்த இடம் வெறுமையாவதால் சில நாள் கூச்சமும், ஆடுவதுபோன்ற உணர்ச்சியும் இருக்கும். முன்பே எலும்பு கரைந்த பல்லின் ஆட்டம் அப்போதுதான் தெரியவரும். காரை பல்லைத் தாங்கும் சாந்து அல்ல, அரிக்கும் கறையான்.

வினா: மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகுமா?
விடை: போகாது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வைக்குரிய நரம்பு வேறு.

வினா: ஈற்றில் ரத்தம் வந்தால் நெல்லிக்காய் தின்றால் போதுமா?
விடை: நெல்லிக்காய் நல்லது. வைட்டமின் சி சத்து அறவே இல்லாதவருக்கு ஈற்றில் ரத்தம் வருவதுண்டு. ஆனால் நம்மில் அநேகருக்கு ரத்தம் வருவது படலத்தால். படலத்தை நெல்லிக்காய் எடுக்காது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

வினா: சிறு பிள்ளைக்கு யார் பல் துலக்கிவிட வேண்டும்?
விடை: ஏழெட்டு வயது வரை தாயோ தகப்பனோ. அதுவரை பிள்ளையின் கைக்கு அந்த நிதானம் வராது.

வினா: கரைந்த எலும்பு திரும்புமா?
விடை: தானாகத் திரும்பாது. ஆனால் மேலும் கரையாமல் நிறுத்த எந்த வயதிலும் முடியும். ஆகையால் "இனி என்ன" என்று எவரும் கைவிட வேண்டியதில்லை.

பிரியமானவர்களே, இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் எத்தனை பேர், எத்தனை தூரிகை என்று எண்ணிப் பாருங்கள். குறைந்தால் நாளைக்கே வாங்குங்கள். படுக்கையில் கிடக்கிற பெரியவர் ஒருவர் இருந்தால், முதல் தூரிகை அவருக்கு. அவர் பல்லை நீங்களே நிதானமாகத் துலக்கிவிடுங்கள். ஒரு பல்லும் இல்லாதவரானால், சுத்தமான ஈரத் துணியால் ஈற்றையும் நாக்கையும் துடைத்துவிடுங்கள். நம்மைச் சிறு வயதில் வாய் கழுவிவிட்டவர்கள் அவர்கள்.